பூச்சாடி திரும்பிய கதை: போரில் களவுபோன ஓர் ஓவியமும் அதன் மீட்பும்

டச்சு ஓவியர் யான் வான் ஹொய்சம் தீட்டிய 'பூச்சாடி' என்னும் ஓவியம் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரிலுள்ள பிட்டி அரண்மனைக்கு உரியது. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் கொண்டு வரையப்பட்ட இதன் உயரம் 47 சென்டிமீட்டர், அகலம் 35 சென்டிமீட்டர். 1824 முதல் அந்த அரண்மனையின் சேகரிப்பில் இருந்த இவ்வோவியம், 1944-இல் பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் படையினரிடம் சிக்கியது. பின்னர் ஜெர்மனியில் ஒரு குடும்பத்தின் வசம் பல பத்தாண்டுகள் இருந்து, 2019 ஜூலை 19 அன்று பிட்டி அரண்மனைக்கு மீண்டு வந்தது. போர்க்காலத்தில் பொது அருங்காட்சியகத்திலிருந்து பறிபோன கலைப்பொருள் யாருக்குச் சொந்தம், காலம் கடந்தால் உரிமை மாறுமா, சட்டம் கைவிட்ட இடத்தில் எது உதவும் என்ற மூன்று கேள்விகளையும் இந்த ஓர் ஓவியத்தின் வரலாறு எழுப்புகிறது.

ஓவியரும் ஓவிய வகையும்

பூ, கனி, பாத்திரம், உணவு, புத்தகம் போன்ற பொருள்களை மட்டுமே கருவாகக் கொண்டு வரையப்படுவது 'ஸ்டில் லைஃப்' எனப்படும் நிலைப்பொருள் ஓவியம். 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் இது தனித்துறையாக வளர்ந்தது. கடல் வணிகத்தால் செழித்த நகரங்களில் வணிகர்களும் கைவினைஞர்களும் வீட்டுச் சுவர்களுக்கென்று ஓவியங்களை வாங்கினர். தேவாலயத்துக்கான பெரிய சமயச் சித்திரங்களுக்குப் பதிலாக, கூடத்தில் மாட்டத்தக்க சிறிய சட்டங்களுக்கு அங்கே சந்தை இருந்தது. ஆம்ப்ரோசியஸ் போஸ்கார்ட், யான் டேவிட்ஸ் டி ஹேம், ரேச்சல் ரூயிஷ் ஆகியோர் மலர் ஓவியத்தில் பெயர் பெற்றவர்கள்.

இந்த மரபின் கடைசிப் பெரும் ஓவியர்களில் ஒருவர் வான் ஹொய்சம். 1682-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓவியர் குடும்பத்தில் பிறந்து 1749-இல் அதே நகரில் காலமானார். தம் வேலைமுறையைப் பிறர் கற்றுக்கொண்டுவிடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தவர். சொந்தச் சகோதரர்களையே ஓவியக்கூடத்துக்குள் விடமாட்டார் என்று பழைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. மார்கரேத்தா ஹாவர்மன் என்ற பெண் ஒருவரே அவருடைய மாணவராக அறியப்படுகிறார்.

வான் ஹொய்சம் உண்மையான பூவைக் கண்முன் வைத்து வரைய விரும்பியவர். ஒரு பூ மலரும் பருவம் வரும்வரை ஓவியத்தை முடிக்காமல் நிறுத்தி வைப்பார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அவருடைய மலர் ஓவியம் ஒன்றில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் குறிக்கப்பட்டிருப்பது இதனால்தான். வசந்தத்தில் பூக்கும் டுலிப்பும் கோடையில் மலரும் ரோஜாவும் ஒரே சாடியில் சேர்வது அவர் படங்களில் இயல்பு. இதழ்மேல் நிற்கும் நீர்த்துளியையும், தண்டில் ஊரும் எறும்பையும், இலையின் ஓரத்தில் பூச்சி அரித்த துளையையும் பார்வையாளர் நெருங்கிக் குனிந்து பார்க்கும்படி அவர் தீட்டியிருப்பார். இலைகளுக்கு அவர் பயன்படுத்திய பச்சையில் கலந்திருந்த மஞ்சள் சாயம் காலப்போக்கில் வெளிறியதால், அவருடைய பல ஓவியங்களில் இன்று இலைகள் நீலம் பாய்ந்து தெரிகின்றன. வாழ்ந்த காலத்திலேயே அவருடைய படங்களை ஐரோப்பிய அரசவைகள் அதிக விலை கொடுத்து வாங்கின.

பிட்டி அரண்மனையும் பொதுச்சொத்தும்

ஃபிளாரன்ஸுக்கும் டச்சு மலர் ஓவியத்துக்கும் பழைய உறவு உண்டு. மெடிச்சி குடும்பத்தின் அன்னா மரியா லூயிசா ஜெர்மானிய இளவரசர் யோகான் வில்ஹெல்மை மணந்தார். அவரது டுசல்டார்ஃப் அரசவையில் ரேச்சல் ரூயிஷ் அரசவை ஓவியராக இருந்தார். ரூயிஷின் படங்கள் அவ்வழியே ஃபிளாரன்ஸ் வந்தன. மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, 1737-இல், அடுத்து ஆட்சிக்கு வந்த லொரேன் வம்சத்தாருடன் 'குடும்ப உடன்படிக்கை' செய்துகொண்டார். மெடிச்சிகளின் கலைச்செல்வம் ஃபிளாரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அதன் சாரம். கலைச்சேகரிப்பு ஊராருக்கும் வருங்காலத்தவருக்கும் உரியது என்ற எண்ணத்துக்கு ஐரோப்பாவில் கிடைக்கும் பழைய ஆவணங்களுள் இது முக்கியமானது.

லொரேன் வம்சத்து ஆட்சியாளரான இரண்டாம் லியோபோல்ட் 1824-இல் வான் ஹொய்சமின் 'பூச்சாடி'யை வாங்கிப் பிட்டி அரண்மனையின் பலடைன் கூடத்தில் சேர்த்தார். டச்சு நிலைப்பொருள் ஓவியங்களுக்கென ஒதுக்கப்பட்ட 'புட்டி அறை'யில் அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் மாட்டப்பட்டிருந்தது. இத்தாலி ஒரே நாடான பின்னர் அரசவைச் சேகரிப்புகள் அரசின் உடைமையாயின. இத்தாலிய உரிமையியல் சட்டப்படி அரசு அருங்காட்சியகச் சேகரிப்புகள் விற்கவோ மாற்றவோ முடியாத பொதுச்சொத்து. பின்னாளில் இவ்வோவியத்துக்கு விலை பேசப்பட்டபோது இத்தாலி ஊன்றி நின்ற அடிப்படை இதுவே.

போர்க்கால இடமாற்றம்

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஃபிளாரன்ஸ் அருங்காட்சியகங்களைக் காலி செய்யத் தொடங்கினர். 'பூச்சாடி' மரப்பெட்டியில் வைக்கப்பட்டு நகருக்கு வெளியே போஜோ அ கையானோவில் உள்ள மெடிச்சி மாளிகைக்குப் போனது. 1943-இல் அங்கிருந்து மொண்டஞானா என்னும் சிற்றூரின் போஸி புச்சி மாளிகைக்கு மாற்றப்பட்டது. டஸ்கனி நாட்டுப்புறம் முழுவதும் இப்படிப்பட்ட மறைவிடங்கள் பல இருந்தன.

குண்டுவீச்சிலிருந்து காக்கச் செய்த இந்த ஏற்பாடு வேறொரு ஆபத்துக்கு வழிவிட்டது. 1943 செப்டம்பரில் இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்ததும் ஜெர்மன் படைகள் நாட்டின் வடபகுதியையும் நடுப்பகுதியையும் கைப்பற்றின. 1944 கோடையில் போர்முனை ரோமைக் கடந்து வடக்கே நகர்ந்தபோது, கலைச்செல்வம் வைக்கப்பட்ட நாட்டுப்புற மாளிகைகள் இரு படைகளுக்கும் நடுவே அகப்பட்டன.

சில மறைவிடங்கள் தப்பின. மொண்டஞானாவுக்கு அருகிலுள்ள மொண்டெகுஃபோனி கோட்டையில் போட்டிச்செல்லியின் 'வசந்தம்' முதலான, ஃபிளாரன்ஸின் உஃபிசி அருங்காட்சியக ஓவியங்கள் இருந்தன. அங்கே வந்து சேர்ந்தவர்கள் நேச நாட்டுப் படையின் எட்டாவது இந்தியக் காலாட்படைப் பிரிவினர். மராத்தா படையினர் தங்கியிருந்த அக்கோட்டையின் அறைகளில், சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்த ஓவியங்களை அவர்களுடன் பயணம் செய்த ஸ்காட்லாந்து எழுத்தாளர் எரிக் லிங்க்லேட்டர் அடையாளம் கண்டார். ஐரோப்பாவின் தலைசிறந்த ஓவியங்கள் சில, இந்தியச் சிப்பாய்களின் காவலில் பத்திரமாக இருந்தன.

மொண்டஞானாவுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1944 ஜூலைத் தொடக்கத்தில் ஜெர்மனியின் 362ஆவது காலாட்படைப் பிரிவு அங்கிருந்து 291 ஓவியங்களை லாரிகளில் ஏற்றிச் சென்றது. 'பாதுகாப்புக்காக' எடுத்துச் செல்வதாகவே அப்போது சொல்லப்பட்டது. நேச நாட்டுக் கலைப் பாதுகாப்பு அதிகாரி ஃபிரடெரிக் ஹார்ட் வந்து பார்த்தபோது மாளிகை பெரும்பாலும் காலியாக இருந்தது. ஓவியங்கள் வடக்கே ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலுள்ள போல்சானோ மாகாணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. இந்தக் குழப்பத்துக்கிடையே ஒரு பெட்டி திறக்கப்பட்டு அதிலிருந்த 'பூச்சாடி' தனியே பிரிந்தது. ஜெர்மன் சிப்பாய் ஒருவர் அதைத் தம் மனைவிக்குப் பரிசாக அனுப்பிவைத்தார்.

கொள்ளையின் வகைகள்

இரண்டாம் உலகப் போரின் கலைக்கொள்ளை ஒரே தன்மையுடையதன்று. முதல் வகை நாஜி அரசே திட்டமிட்டு நடத்தியது. நாஜித் தலைவர் ரோசன்பெர்க் தலைமையிலான அமைப்பு, மேற்கு ஐரோப்பிய யூதர்களின் சேகரிப்புகளை வீடு வீடாகப் புகுந்து அள்ளியது. ஹிட்லர் லின்ஸ் நகரில் அமைக்க நினைத்த அருங்காட்சியகத்துக்கும், கோரிங்கின் தனிச் சேகரிப்புக்கும் சிறந்தவை ஒதுக்கப்பட்டன.

இரண்டாம் வகை, காப்பு என்ற பெயரில் நடந்த அகற்றல். ஜெர்மன் படையிலிருந்த கலைப் பாதுகாப்புத் துறை இத்தாலியில் இந்தப் பணியைக் கவனித்தது. அத்துறையினர் காப்பாற்றியவையும் உண்டு. ஆனால் உரிமையாளரின் இசைவின்றி எல்லை நோக்கி நகர்த்தப்பட்ட ஓவியங்கள் எந்த நேரமும் போர்ப்பொருளாக மாறக்கூடிய நிலையில் இருந்தன. மூன்றாம் வகை, வென்றவர்கள் இழப்பீடாக எடுத்துச் சென்றவை. சோவியத் 'கோப்பைப் படை'யினர் ஜெர்மனியிலிருந்து கொண்டு போனவை இதில் அடங்கும். நான்காவது, தனிமனிதர்களின் திருட்டு.

நான்காம் வகையே தடம் பிடிக்கக் கடினமானது. அரசு அமைப்பு நடத்திய கொள்ளைக்குப் பட்டியலும் ரயில் ரசீதும் கிடங்குக் கணக்கும் உண்டு. சிப்பாயின் பைக்குள் போனதற்கு எந்தத் தாளும் இராது. அளவில் சிறிய ஓவியங்களே இவ்வகையில் பெரிதும் மறைந்தன. போல்லையுவோலோ தீட்டிய ஹெர்குலிஸ் பலகைகள் இரண்டும் உள்ளங்கையளவே ஆனவை. 1944-இல் களவுபோன அவற்றை இத்தாலியின் கலை மீட்பாளர் ரொடோல்ஃபோ சிவியெரோ 1963-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் கண்டுபிடித்து மீட்டார். 'பூச்சாடி'க்கு இன்னொரு வசதியும் இருந்தது. சிலுவைக் காட்சியோ அரசரின் உருவமோ ஒரு சாதாரண வீட்டுக் கூடத்தில் தொங்கினால் விருந்தினர் கேள்வி கேட்பார்கள். பூக்கள் நிறைந்த சாடியின் படத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. வீட்டுச் சுவருக்காகவே பிறந்த ஓவிய வகை, களவுபோன பின் இன்னொரு வீட்டுச் சுவரில் எளிதாக மறைந்துகொண்டது.

1945: பெரும்பகுதி மீட்பு

போர் முடிந்ததும் போல்சானோ மாகாணத்தின் கம்போ தூரெஸ், சான் லியோனார்தோ ஆகிய இரு இடங்களில் ஃபிளாரன்ஸின் ஓவியங்கள் கண்டெடுக்கப்பட்டன. ஓவியர் கிரானாக்கின் 'ஆதாமும் ஏவாளும்' சான் லியோனார்தோவில் கிடைத்தது. அமெரிக்கக் கலைப் பாதுகாப்பு அதிகாரி டீன் கெல்லரின் ஏற்பாட்டில் அவை சரக்கு ரயிலில் ஏற்றப்பட்டு, 1945 ஜூலை 22 அன்று ஃபிளாரன்ஸின் சிஞ்ஞோரியா சதுக்கத்தில் மக்கள் முன்னிலையில் ஒப்படைக்கப்பட்டன. பதிவேட்டுடன் ஒப்பிட்டபோது சில ஓவியங்கள் குறைந்தன. அவற்றுள் ஒன்று 'பூச்சாடி'.

போருக்கு முன்பே அருங்காட்சியகத்தில் முறையான பதிவேடும் ஒளிப்படமும் இருந்ததால் எது காணாமற்போனது என்பது திட்டவட்டமாகத் தெரிந்தது. பிற்காலத்தில் ஓவியம் வெளிப்பட்டபோது, 'இது எங்களுடையதுதான்' என்று நிறுவ இத்தாலிக்குச் சிரமம் இருக்கவில்லை.

1991-க்குப் பின்: பேரம்

கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் 1990-இல் இணைந்தன. அடுத்த ஆண்டே ஓவியம் இருக்குமிடம் பற்றிய செய்தி வெளிவந்தது. அதை வைத்திருந்த குடும்பம் இடைத்தரகர்கள் வழியாகப் பணம் கேட்டது. பேச்சுவார்த்தைகள் பல முறை நடந்து முறிந்தன. தன் சொத்தைத் தானே விலை கொடுத்து வாங்குவதை இத்தாலி ஏற்கவில்லை. கடைசியாக வந்த பேரத்தை அடுத்து ஃபிளாரன்ஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரணையில் இறங்கியது.

பணம் கொடுத்து மீட்பதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் குவெட்லின்பர்க் தேவாலயத்துப் பொக்கிஷங்களை 1945-இல் அமெரிக்கப் படை அதிகாரி ஒருவர் டெக்சஸிலுள்ள தம் வீட்டுக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டார். அவர் இறந்தபின் வாரிசுகள் அவற்றை விற்க முயன்றபோதுதான் உண்மை வெளிவந்தது. ஜெர்மன் தரப்பு ஏறத்தாழ 27.5 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை மீட்டது. பொருள் வீடு திரும்பியது உண்மை. ஆனால் களவுக்குப் பலன் கிடைத்ததும் உண்மை. அடுத்தடுத்த தலைமுறைகள் பேரம் பேசக் காத்திருப்பதற்கு இத்தகைய தீர்வுகளே ஊக்கம் தருகின்றன.

சட்டத்தின் பலமும் பலவீனமும்

போரில் கலைப்பொருளைக் கைப்பற்றக் கூடாது என்ற விதி புதியதன்று. 1907-ஆம் ஆண்டின் ஹேக் போர்விதிகளின் 56ஆவது பிரிவு, கலை, கல்வி, சமய நிறுவனங்களின் உடைமைகளை, அவை அரசுக்குரியவையாக இருந்தாலும், தனியார் சொத்தாகவே நடத்த வேண்டும் என்றும், பறிமுதல் கூடாது என்றும் கூறுகிறது. 1943 ஜனவரியில் நேச நாடுகள் வெளியிட்ட லண்டன் பிரகடனம், ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் நடந்த சொத்து மாற்றங்கள் செல்லாதவை என அறிவிக்கும் உரிமையைத் தக்கவைத்தது. 1954-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தமும் அதன் நெறிமுறையும் இக்கடமைகளை விரிவாக்கின. ஆனால் அவை பின்னோக்கிச் செல்லுபடியாகாதவை.

1998-இல் 44 நாடுகள் ஏற்ற வாஷிங்டன் கோட்பாடுகள், நாஜிகள் பறித்த கலைப்பொருள்களுக்கு 'நியாயமான தீர்வு' காண அழைத்தன. அவை சட்டக் கட்டாயமற்றவை. பொதுச் சேகரிப்புகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஒரு தனியார் குடும்பத்தை அவை கட்டுப்படுத்துவதில்லை. பொது அருங்காட்சியகத்திலிருந்து தனியார் கைக்குப் போன 'பூச்சாடி' இந்த இடைவெளியில்தான் சிக்கியது.

உண்மையான முட்டுக்கட்டை ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் காலவரையறை. திருட்டுப் பொருளை நல்லெண்ணத்தோடு வாங்கினாலும், பொது ஏலம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, உரிமை வாங்கியவருக்குப் போகாது என்று அச்சட்டம் சொல்கிறது. அதேசமயம் உரிமையாளர் தம் பொருளைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கைக்கு 30 ஆண்டு எல்லை வைக்கிறது. அந்த எல்லை கடந்தால் உரிமை அழிவதில்லை. ஆனால் வைத்திருப்பவர் தர மறுக்கலாம். பெயரளவில் ஒருவருக்கும் நடைமுறையில் இன்னொருவருக்கும் சொந்தமான வினோத நிலை உருவாகிறது. 1944-இல் களவுபோன பொருளுக்கு இந்த எல்லை 1974-லேயே முடிந்துவிடும். ஓவியம் இருக்குமிடமே 1991 வரை தெரியாதிருந்த ஓர் உரிமையாளருக்கு இந்தக் கணக்கு எவ்வகையிலும் நியாயமாகாது.

2013-இல் மூனிச்சில் கார்னேலியஸ் குர்லிட் என்ற தனிமனிதரிடம் இருந்த, நாஜிக் கொள்ளைப் பொருள்கள் கலந்திருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்ட 1,200-க்கும் மேற்பட்ட படைப்புகள் பற்றிய செய்தி வெடித்தபோது இச்சட்டம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. களவு என்று தெரிந்தே வைத்திருப்பவர் காலவரையறையைக் காட்டித் தப்பக் கூடாது என்று பவேரிய மாநிலம் 2014-இல் ஒரு மசோதாவை முன்வைத்தது. அது அப்போது சட்டமாகவில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வேறு முறை உள்ளது. உரிமையாளர் பொருளைக் கேட்டு, வைத்திருப்பவர் மறுத்த நாளிலிருந்துதான் அங்கே காலக்கணக்கு தொடங்கும். இரண்டில் எது திருடனுக்குச் சாதகம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கறுப்பு வெள்ளைப் படம்

சட்ட வழி அடைபட்ட நிலையில் உஃபிசி அருங்காட்சியகங்களின் இயக்குநர் ஐக்கே ஷ்மிட் மக்கள் முன் வழக்கை வைத்தார். பிட்டி அரண்மனையையும் நிர்வகிக்கும் அந்நிறுவனத்துக்கு 2015 முதல் தலைமை வகித்த அவர் ஒரு ஜெர்மானியர். 2019 புத்தாண்டு நாளில், புட்டி அறையில் 'பூச்சாடி' தொங்கிய இடத்தில் அதன் கறுப்பு வெள்ளை ஒளிப்படத்தை மாட்டச் செய்தார். 'திருடப்பட்டது' என்ற ஒரே சொல் இத்தாலியம், ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய மும்மொழிகளிலும் அதன்மீது எழுதப்பட்டிருந்தது. நாஜிப் படைவீரர்கள் 1944-இல் திருடிய இந்த ஓவியம் இப்போது ஜெர்மனியில் தனியார் வசம் இருக்கிறது என்ற குறிப்பும் அருகில் இருந்தது. சுற்றிலும் வண்ணம் ததும்பும் மலர் ஓவியங்கள், நடுவில் நிறமிழந்த ஒரு படம். காலவரையறையை நீக்கிப் பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பது ஜெர்மனியின் தார்மீகக் கடமை என்று அவர் வலியுறுத்தினார்.

செய்தி உலகெங்கும் பரவியது. இரு நாட்டு அரசுகளும் களமிறங்கின. ஏழு மாதங்களுக்குள் ஓவியம் ஊர் திரும்பியது. 2019 ஜூலை 19 அன்று பிட்டி அரண்மனையில் நடந்த விழாவில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஹைக்கோ மாஸும் இத்தாலிய வெளியுறவு அமைச்சர் என்சோ மொவாவேரோ மிலானேசியும் கலந்துகொண்டனர். 28 ஆண்டு பேரத்தில் முடியாததை ஓர் ஒளிப்படமும் ஒரு சொல்லும் ஏழு மாதத்தில் நகர்த்தின.

மற்ற வழக்குகள் காட்டுபவை

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. ஜெர்மனியின் பிரெமன் கலைக்கூடம் போரின்போது தன் ஓவியங்களைக் கார்ன்சோ மாளிகையில் மறைத்து வைத்தது. சோவியத் அதிகாரி விக்டர் பால்டின் 1945-இல் அங்கிருந்து 362 கோட்டோவியங்களையும் 2 வண்ண ஓவியங்களையும் எடுத்துச் சென்றார். அவற்றைப் பிரெமனுக்கே திருப்ப வேண்டும் என்று அவரே பின்னாளில் பாடுபட்டார். ஆனால் 1998-இல் ரஷ்யா இயற்றிய சட்டம், போரில் கொண்டுவரப்பட்ட கலைப்பொருள்களைத் தேசிய உடைமையாக்கியது. எடுத்தவரே கொடுக்க முன்வந்தும் அரசு விடவில்லை.

எதிர்த் திசையிலும் ஒரு மலர் ஓவியம் பயணம் செய்தது. ஜெர்மன் ஓவியர் லோவிஸ் கோரிந்த் 1913-இல் தீட்டிய மலர் ஓவியம் பெல்ஜியத்தின் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் 1951 முதல் இருந்தது. நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிய யூதக் குடும்பத்திடம் பறிக்கப்பட்டது அது. 2022-இல் அருங்காட்சியகம் அதைக் குடும்பத்தின் வழித்தோன்றல்களிடம் ஒப்படைத்தது. அருங்காட்சியகங்கள் தம் பொருளைக் கேட்பதற்கு உள்ள உரிமையும், பிறர் பொருளைத் தருவதற்கு உள்ள கடமையும் ஒரே நெறியின் இரு பக்கங்கள்.

இது கடந்த நூற்றாண்டோடு முடிந்துபோன சிக்கலும் அன்று. 2022 நவம்பரில் உக்ரைனின் கெர்சன் நகரை விட்டு வெளியேறிய ரஷ்யப் படைகள், அந்நகரக் கலை அருங்காட்சியகத்தின் பெரும்பகுதியை லாரிகளில் ஏற்றிக் கிரிமியாவின் சிம்ஃபெரோபோலுக்குக் கொண்டு சென்றன. அங்கிருந்து வெளியான ஒளிப்படங்களிலும் காணொளிகளிலும் தெரியும் ஓவியங்களைக் கெர்சன் ஊழியர்கள் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பெயரிட்டு வெளியிட்டு வருகின்றனர். 'பாதுகாப்புக்காக' என்ற விளக்கம் இப்போதும் சொல்லப்பட்டது.

முடிவு

'பூச்சாடி'யின் வரலாற்றிலிருந்து மூன்று பாடங்கள் தெளிவாகின்றன. முதலாவது, பதிவேடும் ஒளிப்படமும் இல்லாத அருங்காட்சியகம் தன் இழப்பை நிறுவவே முடியாது. அமைதிக் காலத்தில் செய்யப்படும் இந்த எளிய வேலையே போருக்குப் பிந்தைய மீட்பின் அடித்தளம். இரண்டாவது, சர்வதேச விதிகள் அரசுகளைப் பற்றிப் பேசுகின்றன. களவுபோன பொருள்களில் கணிசமானவை வீடுகளில் இருக்கின்றன. உள்நாட்டு உரிமையியல் சட்டங்கள் மாறாமல் அவை வெளிவரா. மூன்றாவது, ஊரறிய உண்மையைச் சொல்வதும் அதில் அரசுகள் பொறுப்பேற்பதும் நீதிமன்றம் தர இயலாத தீர்வைத் தந்திருக்கின்றன.

ஆனால் ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஓர் இயக்குநரும் இரண்டு அமைச்சர்களும் வரமாட்டார்கள். போரில் திருடப்பட்ட பொருளுக்குக் காலவரையறை பொருந்தாது என்று சட்டமே சொல்ல வேண்டும். தெரிந்தே வைத்திருப்பவருக்கு ஆண்டுகளின் எண்ணிக்கை உரிமை தரக் கூடாது. அறியாமல் வாங்கியவருக்கு அரசு ஈடு செய்யலாம். பொருள் மட்டும் உரிய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். பொது அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியம் பார்க்க வரும் ஒவ்வொருவருக்கும் சொந்தம். அதைத் தன் வீட்டுக்குள் அடைத்துக்கொள்ள எவருக்கும், எத்தனை ஆண்டு கழிந்தாலும், உரிமை இல்லை.